குயில் ஊட்டிய குஞ்சுகள்

ஒரு தோப்பில் பறவைகளுக்குக் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. நோய் கண்டவர்களை ஒரு புளியமரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். பூவாயி என்ற மைனாதான் அலகில் தண்ணீர் கொண்டுபோய் அவர்களுக்குப் புகட்டி வந்தாள். நான்காம் நாள் அவள் கூட்டைவிட்டுக் கிளம்பவில்லை.

காகம் தேடி வந்தது. "தோப்பே உன்னைத் தெய்வம்னு கும்பிடுது. நீ வராம இருக்கலாமா?"

"கும்பிட்டா என் குஞ்சுங்க வயிறு நிறையுமா? நான் அங்கேயே கிடந்தா இதுங்களுக்கு யாரு ஊட்டுவா?" என்று பூவாயி அழுதாள்.

அப்போது, அவள் கவனிப்பில் பிழைத்தெழுந்த குயில் தயங்கித் தயங்கிக் கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, எங்க வம்சத்துல யாரும் குஞ்சு வளர்த்ததில்ல. எப்படி ஊட்டணும்னு சொல்லு, நான் பார்த்துக்கறேன்."

பூவாயி ஊட்டிக் காட்டிவிட்டுப் போனாள். பொழுது சாயத் திரும்பியவள், நோய் ஒட்டிவிடக் கூடாதென்று எட்டத்துக் கிளையிலேயே நின்று பார்த்தாள். குஞ்சுகள் வயிறு புடைக்கத் தூங்கின. குயிலின் இறகெல்லாம் கலைந்து கிடந்தது.

"அம்மாடி, என்னமாத் தின்னுதுங்க!" என்றது குயில். "அங்க எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"கிளி இன்னைக்குக் கண்ணைத் திறந்துச்சு." பூவாயி தூங்கும் குஞ்சுகளை மறுபடி எட்டிப் பார்த்தாள். "நாளைக்கும் வர்றியா?"

"நாளைக்கு என்னக்கா, இதுங்க பறக்கற வரைக்கும் வர்றேன்."