எதிர்ப்பக்கத்துத் திருட்டு

“உண்மையைச் சொல்லும்மா, உன்னை யார் அனுப்பினது? ஸ்வர்ணாவா?”

கிளெமென்ட் இப்படிக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த ஜெயலக்ஷ்மி கழுத்தைத் தடவிக்கொண்டாள். சங்கிலி அறுத்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

“செயின் போச்சுன்னு வந்திருக்கேன் சார். இதுக்கு யார் அனுப்பணும்?”

ஜீவனஹள்ளிப் பக்கம் ஐந்து வருஷம் மாநகராட்சி உறுப்பினராக, அதாவது கார்ப்பரேட்டராக, இருந்தவர் கிளெமென்ட். மறுபடியும் அதே நாற்காலிக்கு நிற்கிறார். ‘வீண் செலவு இல்லை, வீதியில் பயம் இல்லை’ என்று ஆட்டோ முதுகிலெல்லாம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். போன தடவை ஜெயித்ததே முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்தான். ஆனால் அவர் வார்டில் ஐந்து வருஷமாக ஒரு திருட்டுப் புகார்கூடக் கிடையாது. இந்தத் தேர்தலில் அவரிடம் இருக்கிற ஒரே சரக்கு அதுதான். அந்தச் சரக்கில் ஓட்டை போட ஒருத்தி வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதிலும் எதிர்க்கட்சி ஸ்வர்ணா, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வார்டின் கார்ப்பரேட்டராக இருந்தவள், லேசுப்பட்டவள் அல்ல.

“ஃபோனை வெளியே வெச்சுட்டு வா. அந்தப் பையையும்தான்.”

இரண்டையும் வைத்துவிட்டு வந்தாள்.

“முகம் புதுசா இருக்கே. நம்ம வார்டா?”

“நம்ம வார்டுதான் சார்.”

“எங்கே அறுத்தான்?”

“உங்க ஆஃபீஸ் வாசல்லயே சார். முந்தாநாள் காலையில, பால் வாங்கிட்டு வர்றப்போ. பைக்ல ரெண்டு பேர். மேல கேமரா இருக்குதே, அதுல பாருங்க.”

கேமரா இருந்தது. ஓடத்தான் இல்லை. கேமரா வைத்ததை நோட்டீஸின் முன்பக்கத்தில் சாதனையாகப் போட்டிருந்தார். அதன் பராமரிப்புச் செலவை மிச்சம் பிடித்ததைப் பின்பக்கத்தில் போட்டிருந்தார்.

“ரெண்டு நாளா என்ன பண்ணிட்டிருந்தே? யார் யாரைப் போய்ப் பார்த்தே?”

“ஸ்டேஷனுக்குத்தான் போனேன். கார்ப்பரேட்டர் லெட்டர் இருந்தா நல்லதுன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. எங்கம்மா போட்டுவிட்ட செயின் சார், நாலு பவுன்...” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது நடிப்பில்லை என்று கிளெமென்ட்டுக்கே தெரிந்தது. இருந்தாலும் தேர்தல் நேரத்தில் பெற்ற தாய் அழுதாலும் அவர் சந்தேகப்படுவார்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் வார்டு. இந்தப் பக்கம் எது திருட்டுப் போனாலும், காகிதத்தில் அது எதிர்ப்பக்கம் போனதாகிவிடும். ஐந்து வருஷமாக நடக்கிற ஏற்பாடு. பைசா செலவில்லை.

“இதோ பாரும்மா. நீ நின்னது எதிர்ப்பக்கம். புரியுதா? அப்படி எழுதினா நானே லெட்டர் தர்றேன், இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசறேன். இந்தப் பக்கம்னு எழுதினா உன் பாடு.”

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார்.

“சரிங்க சார். ஸ்டேஷன்ல கன்னடத்துல கேப்பாங்க, எனக்கு எழுத வராது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”

கிளெமென்ட்டுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சுலபமாகவா? மூடியைத் திறந்த பேனாவை மறுபடி மூடினார்.

“ஏன் உடனே ஒத்துக்கறே?”

“எனக்கு வேண்டியது செயின் சார். எந்தப் பக்கம்னு எழுதினா எனக்கென்ன?”

பேச்சில் நியாயம் இருந்தது. அதோடு, எதிர்ப்பக்கத்தின் லட்சணத்தைப் பற்றிப் போலீஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் ஸ்வர்ணாவுக்கும் ஒரு குத்து விழும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். லெட்டர்ஹெட்டை எடுத்தார். எழுத எழுதப் பேனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முடித்துவிட்டு அவளுக்குத் தமிழில் சொன்னார்.

“எதிர்ப்பக்கத்துல பொம்பளைங்க நடக்கவே முடியலை. அங்க குடியிருக்கறவங்களே திருடங்களுக்கு வீட்ல இடம் குடுக்கறாங்க. முதல்ல அவங்களைப் பிடிச்சு விசாரிங்கன்னு எழுதியிருக்கேன். போதுமா?”

“அங்க குடியிருக்கறவங்களா சார்?”

“எல்லாம் திருட்டுக் கும்பல்மா. உனக்கென்ன தெரியும்?”

கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். அவள் தேதியைச் சரிபார்த்து, கடிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டாள். பையையும் ஃபோனையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான் கோவிந்தன், கிளெமென்ட்டின் வலது கை. தேர்தலுக்கு முன் திருத்தி வெளியிடும் வார்டு எல்லைகளின் இறுதி வரைபடத்தை மாநகராட்சி ஆஃபீஸில் பார்த்துவரக் காலையிலேயே போனவன் அவன். முதல் வரைவில் எதுவும் மாறாததால் கிளெமென்ட் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

“டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேண்ணா. மேப்பைக் காலையிலேயே ஒட்டிட்டாங்க. எல்லையை மாத்திட்டாங்கண்ணா! ரோட்டுக்கு எதிர்ப்பக்கமும் இப்போ நம்ம வார்டு. நாலாயிரம் ஓட்டு!”

கிளெமென்ட் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

“ஏம்மா, நில்லு! அந்த லெட்டரைக் குடு, வேற நல்லதா எழுதித் தர்றேன். எனக்கு அப்பவே தெரியும், உன்னை அனுப்பினது ஸ்வர்ணாதானே?”

ஜெயலக்ஷ்மி ரோட்டைக் கடக்க ஒரு கால் வைத்தவள், திரும்பினாள்.

“ஸ்வர்ணா மேடம் இல்லை சார். காலையில மேப்பைப் பார்த்துட்டு, ‘நம்ம புது வார்டு கார்ப்பரேட்டர் எப்படிப்பட்டவர்னு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா’ன்னு எதிர்ப்பக்கத்துல எங்க தெரு ஜனங்கதான் என்னை அனுப்பினாங்க.”