செய்தித்தாள் அட்டை

பூங்கோதை வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவள் படித்துக்கொண்டிருந்த காதல் நாவல், செய்தித்தாள் அட்டையோடு சோபாவிலேயே கிடந்தது.

கண்ணாடி அலமாரியிலிருந்த தடித்த சரித்திர நாவல் பதறியது. "அட்டையை இழுத்து மூடிக்கொள். மானம் போகிறது!"

"உனக்குள்ளும் காதல்தானே இருக்கிறது?" என்றது காதல் நாவல்.

"என் கதையில் காதலிப்பவள் இளவரசி."

"இளவரசி காதலித்தால் பெருமை, பஸ் கண்டக்டர் பெண் காதலித்தால் அசிங்கமா? போடி!"

மின்விசிறிக் காற்றில் சிலிர்த்து, அது செய்தித்தாளை உதறி எறிந்தது. அதன் மேலட்டைப் படத்தில் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகும் ஜோடியை விருந்தாளிகள் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஐயோ, உன் மேல் ரசக்கறை வேறு! என்னைப் பார், ஒரு பொட்டு அழுக்கு உண்டா?"

"எப்படி இருக்கும்? சாப்பிடும்போதுகூட அவள் என்னைக் கீழே வைப்பதில்லை. உன்னைத் தூசு தட்டத்தான் எடுக்கிறாள்."