மணமில்லாத சவுக்காரம்

‘நான் பார்க்காத இடத்தை இது பார்க்கப்போகுது’ என்று நினைத்ததும் ஜெஸீமாவின் கையிலிருந்த அகப்பை ஒரு கணம் நின்றது. வாளியில் தேங்காயெண்ணெயும் காரநீரும் கூழாக இறுகிக்கொண்டிருந்தன.

“இப்ப ஊத்தினாத்தான் மணம் ஏறும்” என்று மல்லிகை அத்தர்க் குப்பியை நீட்டினார் அவளுடைய அண்ணன் லாபிர் காக்கா. கல்முனையில் அவருக்கு அலங்காரப் பொருட்கள் விற்கும் பென்சிக் கடை. “மணமில்லாத சவுக்காரத்தை ஆர் வாங்குவா? ஊத்து, அவ்வளவையும் நான் எடுக்கிறன்.”

“ஏலா காக்கா.”

“கடைக்கு எடுங்க எண்டு ஒரு வருசமா என்ட உயிரை வாங்கினது நீதானே?”

“ஓம். ஆனா இது ஜெனூபா டீச்சர் ஆக்களுக்கு. உம்றாவுக்கு மக்கா போறாங்க. இஹ்ராம் துணி உடுத்திட்டா மணமுள்ள சவுக்காரம் பூசிக் குளிக்கக்கூடாதே.”

லாபிர் குப்பியை இறுக மூடினார். வாளிக்குள் எட்டிப் பார்த்தபோது அவருடைய குரல் தணிந்திருந்தது.

“அப்ப இது அங்க போயா கரையப்போகுது?”

“ஓம் காக்கா. நாப்பது பேர்ட கையில.”

அவர் குப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“ஒவ்வொரு கட்டியிலயும் உன்ட பேரைக் கீறிவிடு புள்ள. அதைப் பார்த்து உனக்காகவும் அல்லாஹ்கிட்ட துஆக் கேப்பாங்க.”

ஜெஸீமா கூழை அச்சில் ஊற்றினாள்.

“வேணாம் காக்கா. அந்த இடத்தில என்ட பேர் என்னத்துக்கு?”