பியாட்றிஸுக்கு வைச்ச பெற்றோல்

“ஓம், மண்ணெண்ணெய்க்கை அந்துருண்டை போட்டா ஓடுந்தான்,” எண்டார் நவரட்ணம். “முதல் ரெண்டு நாளும் மோட்டச்சைக்கிள் குதிரை மாதிரிப் பாயும். மூண்டாம் நாள் பிளக் கரிபிடிச்சு நிண்டிடும். பிறகு நீதான் குதிரை.”

கேள்வி கேட்ட பஞ்சலிங்கத்துக்குச் சிரிப்பு வரேல்லை.

கொக்குவிலிலை அந்த ஒழுங்கைக்குள்ளை ஆரின்ரை மோட்டச்சைக்கிளுக்கு வருத்தமெண்டாலும், நவரட்ணத்தின்ரை வீட்டு முற்றத்துக்குத்தான் தள்ளிக்கொண்டு வாறது. மருந்தோடை நக்கலும் கிடைக்கும்.

தொண்ணூறிலை பெற்றோல் வாறது நிண்டதிலை இருந்து யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயிலைதான் ஓட்டம். ஆனா இஞ்சின் மண்ணெண்ணெய்க்கு லேசிலை கண் முழிக்காது. கண்ணுக்கு மருந்து விடுற சின்னப் போத்தலிலை பெற்றோலை வைச்சு, காபரேற்றருக்கை ரெண்டு சொட்டு விட்டு உதைக்க வேணும்.

பஞ்சலிங்கம் தன்ரை சின்னப் போத்தலை அமத்தினான். காத்துத்தான் வந்தது.

எதிர்வீட்டிலை அவன்ரை மனிசி பராசக்தி சேலை மாத்திக்கொண்டு நிக்கிறாள். புத்தூரிலை அவளின்ரை தம்பியின்ரை கலியாணத்துக்குப் பொன்னுருக்கு. போகாட்டி வீட்டிலை ஒரு மாதத்துக்குக் கதைபேச்சு இருக்காது.

“அண்ணை, உந்தப் போத்தலிலை ரெண்டு சொட்டு...”

ஜன்னல் கட்டிலை ஒரு போத்தல் நிண்டது. கழுத்துவரைக்கும் மஞ்சள் கலந்த பழுப்பு. மூடிக்கு மேலை, பழைய ரியூப்பிலை வெட்டின ரப்பர் வளையம்.

“அது பியாட்றிஸ் வரேக்கை,” எண்டார் நவரட்ணம்.

பியாட்றிஸ் அவற்றை மனிசி. கொழும்பிலை தமக்கையைப் பாக்கப் போனவ. பின்னாலை பாதை பூட்டுப்பட்டிட்டுது. இப்ப மூண்டு வருசம். அவவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம், மண்ணெண்ணெய்ப் புகை ஆகாது. வந்து இறங்கிற அண்டைக்கு நல்ல பெற்றோல் விட்டு, புகையில்லாமல் ஏத்திக்கொண்டு வரவேணுமெண்டு நவரட்ணம் வைச்சிருக்கிறார். அவற்றை ஹொண்டாவின்ரை பின் சீற்றுக்கு எப்பவும் ஒரு துவாய் போத்திக் கிடக்கும். அதிலை ஒருத்தரும் இருக்கேலாது.

“அக்கா வள்ளத்திலை கிளாலிக் கடல் தாண்டி வரேக்கை உது ஆவியாப் போயிருக்கும்,” எண்டான் பஞ்சலிங்கம். “யாகப்பு அண்ணையைப் பாருங்கோ. பராசக்திக்குப் பிள்ளை வயித்துக்கை குறுக்கை கிடந்த அண்டைக்கு, தன்ரை கடைசிப் பெற்றோலை ஊத்தி ஆசுப்பத்திரிக்குக் கார் ஓட்டினவர். அவர் மனிசன்.”

ஒருகாலத்திலை வாடகைக் கார் ஓடின யாகப்பு, குந்தியிருந்து பிளக்கைத் தேய்ச்சுக்கொண்டிருந்தவர், இருமினார்.

“ஓம், அவர் நல்ல மனிசன்தான்,” எண்டுபோட்டு நவரட்ணம், காபரேற்றரைக் குத்தக் கம்பி எடுக்க உள்ளை போனார்.

பஞ்சலிங்கம் எழும்பிப் போய்ப் போத்தலை எடுத்தான்.

“தம்பி, அதை வை,” எண்டார் யாகப்பு.

“ரெண்டு சொட்டு, அண்ணை. பியாட்றிஸ் அக்கா கண்டாலும் ஒண்டும் சொல்லா.”

ரெண்டெண்டவன் நாலு விட்டான். தேய்ச்ச பிளக்கை வாங்கிப் பூட்டி உதைச்சான். திரும்பவும் உதைச்சான். சேட்டு நனைஞ்சதுதான் மிச்சம். இஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மேல்லை.

விரலை மணந்து பாத்தான். தேயிலை மணந்தது.

கம்பியோடை வந்த நவரட்ணம் போத்தலையும் பாத்தார், அவனையும் பாத்தார்.

“சீனி போடேல்லை,” எண்டார். “போட்டிருந்தா உன்ரை காபரேற்றருக்கை இப்ப எறும்பும் ஏறியிருக்கும்.”

பஞ்சலிங்கத்துக்கு வந்த வெக்கம் கோவமா மாறிச்சுது. “தேத்தண்ணியை வைச்சோ எங்களைப் பேய்க்காட்டினியள்? பெற்றோலை ஆருக்கு வித்தனியள்?”

“விக்கேல்லை. செலவாப்போச்சு.”

நவரட்ணம் போத்தலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சார்.

“வெறும் போத்தலைப் பாக்க, அவள் இனி வரமாட்டாள் எண்டு ஆரோ சொல்லுற மாதிரிக் கிடந்தது. அதுதான் தேத்தண்ணி. கிழமைக்கொருக்கா மாத்த வேணும், இல்லாட்டிப் புளிச்சிடும்.”

“அப்பிடி என்ன செலவு?”

நவரட்ணம் போத்தலை அவன்ரை கையிலை திருப்பிக் குடுத்துட்டு, குனிஞ்சு காபரேற்றரைக் கழட்டத் தொடங்கினார்.

எதிர்வீட்டுப் படலை வாசலிலை இருந்து பராசக்தியின்ரை குரல் கேட்டது.

“இஞ்சேருங்கோப்பா, பிள்ளை சப்பாத்தும் போட்டுக்கொண்டு நிக்கிறாள். வாறியளோ இல்லையோ?”

பஞ்சலிங்கம் பிள்ளையைத் திரும்பிப் பாத்தான். பிறகு யாகப்புவையே பாத்துக்கொண்டு நிண்டான்.

“என்னை ஏன் பாக்கிறாய்?” எண்டார் யாகப்பு. “எனக்கேது பெற்றோல்? என்னட்டைக் கார்தான் இருந்தது. அண்டைக்கு அது ஆசுப்பத்திரி வரைக்கும் ஓடினது உந்தப் போத்தல் பெற்றோலிலை. வெளியிலை தெரிஞ்சா ஊரே போத்தலோடை வந்து நிக்குமெண்டு இவர்தான் என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்.”

“உவனுக்கு விசர்,” எண்டார் நவரட்ணம், நிமிராமலே. “காபரேற்றர் காய நேரம் எடுக்கும். என்ரை சைக்கிள் வேலியோடை நிக்குது, அதிலை ஏத்திக்கொண்டு போ. சின்னனை முன்னாலை வை. மனிசி கூப்பிடுறா.”

பஞ்சலிங்கம் போத்தலின்ரை மூடியை இறுக்கினான். ரப்பர் வளையத்தைப் போட்டான். சேட்டு நுனியாலை துடைச்சு, இருந்த இடத்திலையே, படலையாலை வாற ஆளின்ரை கண்ணிலை முதல் படக்கூடியதா வைச்சான்.

“அப்பா,” எண்டு இப்ப சின்னக் குரல் கூப்பிட்டுது.

“வாறன்,” எண்டு போனான்.