வெட்டாமலே தெரிந்துவிட்டது

அப்பா குழாயை விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் அப்பாவின் இரைப்பை நீல வெளிச்சத்துக்கு மாறியது.

புது இயந்திரம். உள்ளே எங்கே அழற்சி இருந்தாலும் இந்த ஒளி அதைத் தனி நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடுமாம். இனிமேல் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லையாம்.

அந்தக் கிள்ளல் என்றாலே அப்பாவுக்குக் குலைநடுக்கம். வலிக்காது என்று டாக்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். வருடா வருடம் இடுக்கி உள்ளே போகும்போது என் விரல்களை நெரித்தே விடுவார்.

இந்த முறை நெரிக்கவில்லை. குழாய் வெளியே வந்துவிட்டது.

"புண்ணெல்லாம் ஆறிடுச்சும்மா. வெட்டவே வேணாம். நீங்க இன்னைக்கே ஊருக்குக் கிளம்பலாம்" என்றார் டாக்டர்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வருடா வருடம் கிள்ளி எடுத்த சதைக்குப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்க நான் அப்பா வீட்டில் இருப்பேன். என்ன வரப்போகிறதோ என்று அவர் பயந்துகொண்டிருப்பார். நான் தூங்குவேன்.

படுத்த படுக்கையான மாமியார், பிள்ளைகளின் பரீட்சை, ஆபீஸ், எதுவும் என்னை எழுப்பாத ஒரே வாரம் அதுதான். எந்நேரம் எழுந்தாலும் அப்பா ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதைத் தவிர வேறு எந்தக் காரணமும் எங்கள் வீட்டில் எடுபடாது.

வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டால் அலுப்பு தீர்ந்துவிடுமா?

கணவர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். நல்லதாகப் போயிற்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் நாளைக்கு வரமாட்டாளாம், சாயங்காலமே வந்துவிடு என்றார்.

சரி, சாயங்காலமே வந்துவிடுகிறேன் என்றேன். அப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார்.

போனை வைத்ததும் எழுந்து உட்கார்ந்து டாக்டரைக் கூப்பிட்டார். மருந்து அடித்ததில் தொண்டை மரத்துப்போய் வார்த்தைகள் குழறின.

"டாக்டர், எனக்கென்னமோ இந்த வெளிச்சத்து மேல நம்பிக்கையே வரல. குழாய மறுபடியும் விடுங்க, ஒரு துண்டு வெட்டியே பாத்துடலாம். முடிவு வர ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்ல. அதுவரைக்கும் என் பொண்ணு கூட இருப்பா."