எதிர்ப்பாட்டு

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடபடையின் வெர்மான்ட் படைப்பிரிவைச் சேர்ந்த ஓரின் டட்டில், நாள்தோறும் பொழுது சாயும் வேளையில் ராப்பஹானக் ஆற்றங்கரைக்குச் செல்வான். இரண்டு மிடறு வெந்நீர் அருந்திவிட்டு, வடபடையின் போர்ப்பாட்டை உரத்த குரலில் பாடுவான். டிசம்பர்ப் போரில் தோழர்களுள் பாதிப்பேரைப் பறிகொடுத்திருந்த அவ்வீரர்கள் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அந்தப் பாட்டு ஒன்றே துணையாயிருந்தது.

அவன் பாடி முடித்ததும், அக்கரையிலிருந்து தென்படை வீரன் ஒருவன் அதே மெட்டில் தங்கள் சொற்களை அமைத்து எதிர்ப்பாட்டுப் பாடுவான். முகமறியாத அவனை ஒருநாளேனும் வென்றுவிட வேண்டுமென்பது இக்கரையில் அனைவருக்கும் ஆசை.

அன்று ஓரின் பாடி முடித்தான். அக்கரையிலிருந்து மறுமொழி வரவில்லை.

"தவளை வாயை மூடிடுச்சு," என்றான் லைமன் என்னும் வீரன். "நேத்தே இருமி இருமித்தான் பாடுனான்."

"நீ பாடுனா ரெண்டு கரையும் காலியாயிடும். சும்மா இருடா," என்றார் சார்ஜண்ட் பெக். எனினும் அவர் முகமும் மலர்ந்திருந்தது. "காலையில இருந்து அங்க பலகையில ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. பீரங்கிக்கு மேடை போடுறானுங்களோ என்னவோ."

அப்போது, காகிதப் பாய் கட்டிய சிறு பலகைப் படகொன்று மிதந்து வந்து கரையில் முட்டியது. மேலதிகாரிகள் அறியாமல், இக்கரைக் காப்பிக்கொட்டைக்கு அக்கரைப் புகையிலை மாற்றிக்கொள்ளும் படகு அது. அன்று வழக்கத்தைவிட இருமடங்கு புகையிலை இருந்தது. அதனடியில் ஒரு கடிதமும் இருந்தது.

"தோத்தவன் கப்பம் கட்டியிருக்கான்," என்று லைமன் தொப்பியை மேலே வீசினான். நெடுநாள்களுக்குப் பின் வீரர்கள் வாய்விட்டுச் சிரித்தனர்.

ஓரின் கடிதத்தைப் படித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"என்னடா, தோல்வியை ஒத்துக்கிட்டானா?" என்றார் சார்ஜண்ட்.

"இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டிருக்காங்க."

"அவ்வளவுதானே? நம்ம பாட்டையே இன்னொரு தடவை எடுத்துவிடு."

"நம்ம பாட்டு இல்ல, சார்ஜண்ட். அவங்க பாட்டு."

சிரிப்பு அடங்கிற்று. சார்ஜண்ட் அவனருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? போன வாரம் அதை முணுமுணுத்தவனை, கேப்டன் பொழுதுக்கும் வண்டிச் சக்கரத்துல கட்டிப் போட்டாரு. நம்ம பசங்க இன்னைக்குத்தான் சிரிச்சானுங்க. அதையும் கெடுக்கணுமா?"

"தெரியும், சார்ஜண்ட்."

"அப்புறம் எதுக்குடா?"

ஓரின் தொப்பியைக் கழற்றி, அக்கரையை நோக்கி நின்றான்.

"அவனைப் புதைக்கிறாங்களாம், பாட வேற ஆள் இல்லையாம், நான் பாடுறேன்."