பாக்கெட்டில் வந்த நத்தை

"எந்தக் கையால எடுத்தே? வாயைத் திறந்து சொல்லித் தொலைடி!"

அம்மா போட்ட சத்தத்தில் அவசர சிகிச்சை அறையே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழு வயது வாண்டு, தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"ரெண்டு கையாலயும்தாம்மா. அழகா இருந்துச்சு."

அழகாகத்தான் இருந்தது. வெள்ளையில் பழுப்பு நூலால் வலை பின்னினாற்போல. காலையில் கடற்கரை மணலில் பொறுக்கி, யாருக்கும் சொல்லாமல் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானம் அதைத் தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான், மாடி வீட்டு மீன் தொட்டிக் கடைக்காரர் பேன்ட் தைக்கக் கொடுக்க வந்தார்.

"ஐயோ தங்கச்சி, அது கூம்பு நத்தை! உயிரோட வேற இருக்கு! கொட்டினா ஆளே குளோஸ்!"

அவர் அலறியதுதான் தாமதம். தையல் மெஷினைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்தாள் அம்மா. மகள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வாளியில் வீசினாள். அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

கடைக்காரர் செல்போனில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"அதேதான். பாப்பா, எங்கேயாவது சுருக்குனு குத்துச்சா?"

"இல்லையே."

"அப்போ ஒண்ணும் இல்லைதானே டாக்டர்?"

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. சில பேருக்குக் கொட்டினதே தெரியாது. அந்த விஷமே வலியை மரத்துப்போக வெச்சிடும்."

"மருந்து ஏதாவது..."

"முறிவு மருந்துன்னு எதுவும் கிடையாது. மூச்சு நின்னா, விஷம் தானா இறங்குற வரைக்கும் மெஷின் வெச்சுக் காப்பாத்தணும். நல்லவேளை, சட்டுனு வந்துட்டீங்க."

மகளுக்கு மட்டும் பயமே இல்லை. "நத்தை மெதுவாத்தானே போகும்? அது என்ன சாப்பிடும்?"

"மீன்."

"மீன் வேகமா ஓடிடுமே!"

"இது துரத்தாது கண்ணு. மணலுக்குள்ள ஒளிஞ்சு மோப்பம் பிடிச்சுட்டே இருக்கும். மீன் கிட்ட வந்ததும், ஈட்டி மாதிரி ஒரு பல்லை எய்யும். அவ்வளவுதான், மீன் விறைச்சுப் போயிடும். அப்புறம் நிதானமா முழுசா முழுங்கிடும்."

"சூப்பர்!" என்றாள் மகள்.

 அம்மாவுக்கு உதடெல்லாம் மரத்துப்போயிருந்தது. மகளின் மார்பு ஏறி இறங்குவதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு மூச்சு வந்துவிட்டது, அடுத்தது வருமா? லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ தொலைவில் இருக்கும் கணவருக்கு என்ன பதில் சொல்வாள்?

"ஒத்தப் பிள்ளை டாக்டர்... தவமிருந்து பெத்தது..." அழுகையில் நாக்கு குழறியது.

"தைரியமா இருங்க. முதல்ல கண்ணைப் பார்த்துடுவோம்."

டாக்டரம்மா மகளுக்கு எதிரே நின்று கையைத் தூக்கிக் காட்டினார்.

"இது எத்தனை விரல், சொல்லு?"

"ரெண்டு."

கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள் அம்மா.

"டாக்டர்! நாலு விரலைப் போய் ரெண்டுங்கிறாளே! விஷம் ஏறிடுச்சு! என் பொண்ணைக் காப்பாத்துங்க!"

டாக்டரம்மா தூக்கிய கையை இறக்கவில்லை. மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பி, பாதி சரிந்துகிடந்த அவள் இமைகளைப் பார்த்தார்.

"பாப்பா சரியாத்தான் சொல்றா. சிஸ்டர், ஓடி வாங்க, அம்மாவைப் படுக்க வைங்க!"